பன்னிரண்டு கையெழுத்தும் ஒரே முகவரியும்

வேலையில் சேர்ந்த முதல் வாரமே நீங்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். டேட்டா சென்டர் ப்ராக்ஸி நல்லதா, வீட்டு ப்ராக்ஸி நல்லதா? கேட்டுவிட்டு, நான் ஏதோ வரன் பார்த்துச் சொல்லப்போவதுபோல என் முகத்தையே பார்க்கிறீர்கள். ஓய்வு பெற்று வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவளை எழுதச் சொன்னது உங்கள் தப்பு. ஒற்றை வரியில் பதில் கிடைக்காது.

ப்ராக்ஸி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புரியாமலே மீட்டிங்கில் தலையாட்டுகிறவர்கள் உங்களில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று கேள்வி. பெயர் சொல்லவில்லை. கல்லூரியில் மேட்னி ஷோவுக்குப் போனவளுக்காக இன்னொருத்தி அட்டெண்டன்ஸில் குரல் கொடுப்பாளே, அதேதான். நம் கம்ப்யூட்டர் ஒரு வலைத்தளத்துக்குப் போய் ஆயிரக்கணக்கான விலைகளைப் படித்துவர வேண்டும். சொந்த இணைய முகவரியில் போனால் பத்தாவது நிமிடம் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் வேறொரு முகவரி வழியாகப் போகிறோம். அது சர்வர்கள் அடுக்கிவைத்த கூடத்தின் முகவரி என்றால் டேட்டா சென்டர் ப்ராக்ஸி. மலிவு, வேகம், ஆனால் வருவது மெஷின் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். யாரோ குடியிருக்கும் வீட்டின் இணைய இணைப்பு என்றால் வீட்டு ப்ராக்ஸி. விலை அதிகம், மெதுவாகப் போகும், ஆனால் வந்திருப்பது வாடிக்கையாளர் என்று கடைக்காரர் நம்புவார்.

நான் இந்த விலை சேகரிக்கும் தொழிலுக்கு வந்தபோது இந்த வம்பெல்லாம் கிடையாது. மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி, வாங்க வந்தவள்போல விலை கேட்டு, வெளியே வந்து எழுதிக்கொள்வேன். எனக்கு நடிப்பு நன்றாக வரும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்ச் நாட்டுப் பருப்புக் கடைக்காரர், அந்தப் பேட்டையில் பிறந்து வளர்ந்து தமிழ் பேசுகிறவர், ஒருநாள் தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“மாமி, ரெண்டு மாசமா எல்லாப் பருப்பும் விலை கேக்கறீங்க, கால் கிலோ கூட வாங்கலை. வீட்ல சமையலே பந்த் ஆயிடுச்சா?”

அன்றிலிருந்து கடைக்குக் கடை நூறு கிராம் ஏதாவது வாங்கத் தொடங்கினேன். என் வீட்டுக்காரர் பல வருஷம் ஐந்து பருப்புக் கலந்த சாம்பாரையே சாப்பிட்டார். அது பாலக்காட்டு வழக்கம் என்று சொல்லி வைத்திருந்தேன். இன்றைக்கு வரை அவர் அதை மறுத்துப் பேசியதில்லை.

வலைத்தளக் காலம் வந்ததும் நம் செம்பூர் ஆபீஸில் எல்லாருக்கும் வீட்டு ப்ராக்ஸிமேல் ஒரு மோகம் வந்தது. முதலாளிக்கு அது புதுக் கார் மாதிரி. ஒரு காய்கறிச் சந்தையின் தினசரி விலையை எடுக்க மூன்று வாரம் விலையுயர்ந்த வீட்டு முகவரிகளை மாற்றி மாற்றி ஓட்டினோம். பதுங்கிப் பதுங்கிப் போனோம். மூன்றாவது வாரம் எங்கள் புரோகிராமர் இசக்கிமுத்து அந்தப் பக்கத்தைக் கீழே வரைக்கும் உருட்டிப் பார்த்திருக்கிறார். அங்கே ‘டவுன்லோட்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. எல்லா விலையும், எல்லா வருஷமும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முதலாளியிடம் இதை யார் சொல்வது என்று இருவரும் டீ குடித்துக்கொண்டே யோசித்தோம். கடைசியில் ‘புது வழிமுறை கண்டுபிடித்திருக்கிறோம்’ என்று சொன்னோம். அவர் பாராட்டினார். ஆகவே எந்த ப்ராக்ஸி என்று யோசிக்கும்முன் பக்கத்தை முழுசாக உருட்டிப் பாருங்கள். முடிந்தால் போன் போட்டுக் கேளுங்கள். கேட்டால் கொடுத்துவிடுகிறவர்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள்.

இனி நான் சொல்லப்போவது இவ்வளவு சிரிப்பான விஷயமில்லை. தப்பு என்னுடையது. நான் ரொம்ப நியாயமாக நடந்துகொள்வதாக நினைத்துச் செய்த தப்பு, அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

பை தயாரிக்கும் பெரிய கம்பெனி ஒன்று கிளையன்ட்டாக வந்தது. ஆன்லைன் சந்தை ஒன்றில் மற்றவர்கள் விற்கும் தோல் பைகளின் விலை தினமும் காலையில் அவர்கள் மேஜைக்கு வர வேண்டும். டேட்டா சென்டர் முகவரிகளில் போனோம். சந்தைக்காரர்கள் பூட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை, பூட்டியது தெரிந்திருக்கும். அவர்கள் மெஷின் என்று கண்டுகொண்டு பழைய விலைகளையே சிரித்த முகத்தோடு காட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒரு வாரம் அந்தப் பழஞ்சோற்றைப் புதுச் சாதமாகப் பரிமாறினோம். கிளையன்ட் கண்டுபிடித்துக் கத்தினார். வீட்டு முகவரி இல்லாமல் முடியாது என்று ஆயிற்று.

வீட்டு முகவரி விற்கும் ஏஜென்ட் ஒருவர் போனில் வந்தார். எத்தனை வீடு வேண்டுமானாலும் தருகிறேன் என்றார்.

“அந்த வீட்டுக்காராளுக்கெல்லாம் இது தெரியுமோ?” என்று கேட்டேன்.

“ஏதோ ஒரு ஃப்ரீ ஆப் போட்டிருப்பாங்க மேடம். அதுல ஓகே அமுக்கியிருப்பாங்க. சட்டப்படி கரெக்ட்.”

“நானும் தினம் பத்து ஓகே அமுக்கறேன். எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அங்கேதான் எனக்குப் பெருமை தலைக்கேறியது. ஊர் பேர் தெரியாதவர்களின் வீட்டில் நுழைவதைவிட, நாமே நேரில் போய்க் கேட்டு, கையெழுத்து வாங்கி, சம்மதித்தவர்கள் வீட்டில் மட்டும் அவர்கள் இணைப்பு வழியாக நம் மெஷினை அனுப்பும் ஒரு சின்னப் பெட்டியை வைத்தால் என்ன? பதிலுக்கு அவர்களுடைய நெட் பில்லை நாம் கட்டிவிடலாம். முதலாளி ஒப்புக்கொண்டார். இசக்கிமுத்துவின் வீடு தமிழர்கள் நிறைந்த மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். அவருடைய சந்திலேயே தொடங்கலாம் என்றார்.

சம்மதப் படிவத்தை நானே எழுதினேன். தமிழர்களிடம் வாங்கும் கையெழுத்து தமிழில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஆங்கிலச் சொல் ஒன்று கூட இல்லாமல், ‘மேற்கண்ட இணைய இணைப்பின் ஊடாக நிறுவனம் மேற்கொள்ளும் தரவுச் சேகரிப்புக்கு மனமுவந்து இசைவளிக்கிறேன்’ என்று ஒரு முழுப் பக்கம். எழுதி முடித்து இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அவ்வளவு பிடித்திருந்தது எனக்கு.

படிவத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசல் வாசலாக ஏறினேன். எல்லாரும் நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள். காகிதத்தை வாங்கிச் சற்று நேரம் மரியாதையாகப் பார்த்துவிட்டு எங்கே போட வேண்டும் என்று கேட்டார்கள். “நாங்க பாக்குற சீரியலு ஒங்களுக்குத் தெரியுமோ மாமி?” என்று மட்டும் ஒரு பெண் கேட்டாள். தெரியாது என்றேன். “அப்பம் சரி” என்று போட்டாள். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு கையெழுத்து. ஆபீஸில் அந்தக் கோப்பை யார் வந்தாலும் எடுத்துக் காட்டினேன். பாருங்கள், நாங்கள் கேட்டுவிட்டுத்தான் நுழைகிறோம் என்று.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பண்டிகைக்கு முந்தைய வாரம், காலை பத்தரை மணிக்கு இசக்கிமுத்து வீட்டிலிருந்து போன் செய்தார். அவர் குரலே சரியில்லை.

“மேடம், ஒரு லஃப்டா ஆயிருச்சு, பெரிய வம்பு. நீங்க ஒடனே இங்கன வாங்க.”

அதே சந்தில் தரைத்தளத்தில் மீரான் பாய் பட்டறை வைத்திருந்தார். அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். நாலு கைவினைஞர்களோடு தோல் பை தைத்து, அதே ஆன்லைன் சந்தையில் விற்கிறவர். பன்னிரண்டு பேரில் அவர் இல்லை. நான் அவரிடம் போகவே இல்லை. நான் உள்ளே நுழைந்தபோது பட்டறையில் நிற்க இடமில்லை. பண்டிகை ஆர்டர் எல்லாம் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. தையல் மெஷின்கள் நின்றிருந்தன. சந்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று இசக்கிமுத்துவை அழைத்து உட்காரவைத்திருந்தார்.

“பாருங்க மாமி, கடையப் பூட்டிட்டான்” என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார் மீரான் பாய். “நான் மெஷின வச்சு அவன் வெலையெல்லாம் திருடுதேனாம். எனக்கு இந்த மெயிலு அனுப்பவே எம் மவ வரணும். நான் எங்கிட்டுப் போயித் திருட? நாலு மணிக்கு வண்டி வரும். லேபில் அடிக்கலைன்னா ஒரு பொட்டியும் ஏத்த மாட்டான். இன்னைக்கு மால் போவலைன்னா அம்புட்டு ஆர்டரும் கேன்சலு, கடைய மொத்தமா எடுத்துருவேன்னு போட்டிருக்கான்.”

நானும் இசக்கிமுத்துவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க ரொம்ப முயன்றோம்.

என்ன நடந்தது என்பது எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. உங்களில் யாராவது இந்தத் தப்பைச் செய்யக்கூடும் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். அந்தச் சந்துக்கு ஒரே கேபிள்காரர். அவர் வீட்டுக்கு வீடு தனி வயர் இழுத்திருந்தாலும் வெளி உலகத்துக்கு மொத்தச் சந்துக்கும் ஒரே முகவரிதான். இதற்குமேல் வைஃபை பாஸ்வேர்டைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பகிர்ந்துகொள்கிறவர்கள் வேறு. நான் பன்னிரண்டு வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆன்லைன் சந்தைக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு வாசல். அந்த வாசல் வழியாகத்தான் எங்கள் மெஷின் தினம் வந்து தோல் பை விலைகளைப் புரட்டியது. அதே வாசல் வழியாகத்தான் மீரான் பாயும் தன் கடைக்குள் லாகின் செய்தார். அவர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்துக் கையில் கிடைத்தவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

தண்ணீர் குடிக்கிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன். இசக்கிமுத்து பின்னாலேயே வந்தார்.

“பொட்டிய எல்லாத்தையும் போன்லயே ஆஃப் பண்ணிட்டேன் மேடம். இனிமே ஒரு ரெக்வெஸ்ட்டும் போவாது. ஒண்ணும் சொல்லாண்டாம். ரெண்டு நாள்ல தன்னால சரியாயிரும்.”

“ரெண்டு நாள்ல பாய்க்குக் கடையே இருக்காதே.”

“சொன்னா நம்ம ஆபீஸ் இருக்காது மேடம். நான் இந்தச் சந்துலதான் குடியிருக்கேன். எம் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கும் அதே ஆசைதான் முதலில் வந்தது. பேசாமல் ஆபீஸுக்குத் திரும்பி, மானிட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று. இதை மறைக்க மாட்டேன். பத்து நிமிடம் அந்தச் சந்தில் நின்று, தப்பிக்க வழி உண்டா என்றுதான் யோசித்தேன். நியாயம் அநியாயம் எல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

உள்ளே போய், சந்தைக்காரர்களின் விற்பனையாளர் உதவி எண்ணுக்கு மீரான் பாய் போனிலிருந்தே அழைத்தேன். எதிர்முனையில் ஒரு பெண், சுத்தமான ஹிந்தி. பாயின் கடையைத் திறக்க என்ன வேண்டும் என்று கேட்டேன். “அவர் செய்யலைன்னா யார் செஞ்சாங்கன்னு எழுத்துல வேணும் மேடம். எந்த நேரத்துல எத்தனை தடவைங்கிற பதிவோட. எங்க பதிவோட பொருந்தினா இன்னிக்கே திறப்போம்” என்ற பொருளில் சொன்னாள்.

அந்தப் பதிவு உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. எங்கள் சர்வரில்.

முதலாளிக்குப் போன் போட்டேன். முழுசாகக் கேட்டார். “மேடம், ஒங்களுக்கு என்ன பைத்தியமா? திருடன் போலீஸுக்கு லெட்டர் போடுவானா? கிளையன்ட் போயிடுவான். நம்மள கோர்ட்டுக்கு இழுப்பான்” என்று கத்தினார். நான் கத்தவில்லை. தரவுச் சேகரிப்புப் பிரிவின் தலைவி என்ற முறையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு இருக்கிறது, போடப்போகிறேன், உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன் என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய ஒரே சினிமா வசனம் அது.  பேசி முடித்ததும் பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

மீரான் பாயின் லேப்டாப்பில், அவர் கண்ணெதிரிலேயே அந்தக் கடிதத்தை அடித்தேன். இன்ன முகவரியிலிருந்து வந்த மெஷின் எங்களுடையது, இந்த விற்பனையாளருக்குச் சம்பந்தமில்லை, இனி வராது. இசக்கிமுத்து இரண்டு மாதப் பதிவையும் இணைத்தார். அடிக்கும்போது பாய் எனக்குப் பின்னால் நின்று ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் மெதுவாகப் படிப்பார்.

“அப்பம் நீங்கதானா மாமி?”

“நாங்கதான் பாய்.”

“எங்க சந்து லைன்ல வந்து எங் கடை வெலையத்தான் பாத்தியளா?”

“எல்லார் கடை விலையும். உங்களோடதும் அதுல இருக்கு.”

 அவர் தனக்குத்தானே சொல்வதுபோல, “அதான் நான் பத்து ரூவா கொறச்சா மறுநா வெள்ளனவே அந்தப் பெரிய கம்பெனிக்காரனும் கொறைக்கான். இவனுக்கு எப்படித் தெரியுதுன்னு நான் மண்டைய ஒடச்சிக்கிட்டுக் கெடந்தேன்” என்றார். கிளையன்ட் பெயரை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க முடியாது. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றேகாலுக்குக் கடை திறந்தது. அப்புறம் பேச நேரமில்லை. லேபிள் அடிக்கிற பிரின்டர் ஒன்று, ஒட்டுகிற கை ஏழு. நானும் ஒட்டினேன். இரண்டைத் தலைகீழாக ஒட்டினேன் என்று கைவினைஞர் ஒருவர் பிடுங்கிக்கொண்டார். வண்டி வந்தபோது கடைசிப் பெட்டி சந்து முனைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எனக்கு வந்த நிம்மதியில் அழுகை வரும்போல இருந்தது.

கிளையன்ட் போனார். கோர்ட் கேஸ் வரவில்லை. முதலாளி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, பிறகு பேச ஆரம்பித்தார், ஏனென்றால் ஜிஎஸ்டி ஃபைல் எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். என்னை ‘லெட்டர் மாமி’ என்று ஆபீஸில் இன்றைக்கும் சொல்கிறீர்கள் அல்லவா, அதன் காரணம் இதுதான்.

மறுநாள் காலை இசக்கிமுத்துவோடு பெட்டிகளை எடுத்துவரப் போனேன். இரண்டு துணிப்பை, கூடவே அந்தக் கோப்பு. எடுக்கிறேன் என்றதும் வீட்டுக்காரர்களுக்கு வருத்தம், நெட் பில் போகிறதே என்று. யாரும் என்னைத் திட்டவில்லை. நடந்ததைச் சொன்னபோது கூட, “ஒங்களுக்குத் தெரியாமலா செய்வீங்க மாமி” என்றார்கள். அது திட்டைவிட மோசமாக இருந்தது. கடைசி வீட்டில், சீரியல் தெரியுமோ என்று கேட்டாளே அந்தப் பெண், வாசலுக்கு வந்து என் கையிலிருந்த கோப்பைக் காட்டினாள்.

“மாமி, அதுல என்ன எழுதியிருக்குன்னு இப்பமாவது வாசிச்சுச் சொல்லுங்க. நாங்கெல்லாம் ஹிந்தி மீடியம். தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நீங்க எம்புட்டு ஆசையா எழுதிக் கொண்டாந்திய, படிக்கத் தெரியலன்னு எப்படிச் சொல்லுதது?”

 இசக்கிமுத்துவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அவரும் ஹிந்தி மீடியம்தான்.

அங்கேயே, சந்து நடுவில் நின்று, படிவத்தை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தேன். கதவுகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். மீரான் பாய் கையில் டீ கிளாஸோடு பட்டறை வாசலுக்கு வந்தார். ‘மேற்கண்ட’ என்று தொடங்கி ‘இசைவளிக்கிறேன்’ என்று முடியும்வரை ஒருவரும் குறுக்கே பேசவில்லை. அவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. நடுவில் ஒரு இடத்தில் கூட ‘உங்கள் சந்து’ என்றோ, ‘பக்கத்து வீடு’ என்றோ, ‘தோல் பை’ என்றோ வரவில்லை.

வாசித்து முடித்ததும் மீரான் பாய்தான் பேசினார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கிய மாமி. இது யாருக்கு எழுதுனது?”

 காகிதத்தை மடித்தேன். பிறகு, “எங்களுக்குத்தான் பாய்” என்றேன்.